கீழே என்றால் கிழக்கு

அம்மா என்னோடு தங்கியிருந்த பதினோரு நாளில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் ஆசைப்பட்டாள். அதையும் என்னிடம் கேட்கவில்லை. என்னோடு வேலை பார்த்த டீச்சரிடம் கேட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் அந்தக் கணமே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது அவளுக்கும் தெரியும்.

அப்போது நான் வல்லத்துக்கு அப்பால், செம்மண் மேட்டில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். எங்கள் ஊர் கீழ்த்தஞ்சையில், நாகப்பட்டினம் போகிற வழியில். கோடை விடுமுறைக்கு நான்தான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அந்த வருஷம் ஊர் என்னிடம் வந்துவிட்டது, ஒரு மஞ்சள் பையோடு.

எங்கள் தெரு நின்றிருந்த மண்ணுக்குத் தகராறு. குடிசைகள் இருந்த இடம் தன்னுடையது என்றார் மிராசுதார். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம், எங்களுடையது என்றது விவசாயத் தொழிலாளர் சங்கம். குடியிருக்கிறவர்களுக்கே மனை என்று சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருந்தது. ஆனால் சட்டம் சென்னையில் இருந்தது, மிராசுதாரின் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அவர்கள் வேலி போட்டார்கள், எங்கள் ஆட்கள் பிடுங்கினார்கள், போலீஸ் வந்து சாவடியில் படுத்துக்கொண்டது. தனியாக இருக்கிற பெண்கள் கொஞ்ச நாள் வெளியூரில் இருக்கட்டும் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா கிளம்பி என் வாடகை அறைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருஷமாக நடவு நட்டவளுக்கு ஓர் அறையில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை பெருக்கினாள். பெருக்கப் பெருக்கச் செம்மண் புழுதி வந்துகொண்டே இருந்தது. கிணற்றைப் பார்த்து மலைத்துப் போனாள்.

"கயித்தப் பாருடி! இத வச்சுத் தேரே இழுக்கலாம் போலருக்கே. இம்மாம் ஆழத்துலயா தண்ணி கெடக்கு?"

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த டீச்சர் அந்த மேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னை விட நாலைந்து வயது பெரியவர், எதற்கும் சிரிக்கிற சுபாவம். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் சாயங்காலம் அம்மா தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி வழக்கமான புலம்பலை ஆரம்பித்தபோது, டீச்சர் முந்திரிக்காட்டுக்குள் இருக்கும் மடுவைப் பற்றிச் சொன்னார். காட்டோடை செம்மண்ணை அறுத்து அறுத்துப் பெரிய பள்ளம் பண்ணி வைத்திருக்கிறது, அதன் அடியில் ஊற்று இருக்கிறது, எந்தக் கோடையிலும் வற்றியதில்லை, தானே அதில்தான் நீச்சல் கற்றுக்கொண்டது என்றார்.

அம்மா முதலில் கேட்டது, "அது யாரு தண்ணி?"

டீச்சருக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஆள் இல்லாத தண்ணீர் கிடையாது. ஆறு பொதுப்பணித்துறையுடையது, வாய்க்கால் பண்ணையுடையது, குளம் கோயிலுடையது. அந்தக் குளத்தின் படித்துறையில் எங்கள் தெருக்காரர்கள் கால் வைத்தது கிடையாது. நாங்கள் குளிப்பது வாய்க்காலில், அதுவும் கடைசி மடைக்குக் கீழே.

"யாரு தண்ணியும் இல்லம்மா. காட்டுத்தண்ணி. ஆடு மேய்க்கிறவங்க, முந்திரிக்கொட்டை பொறுக்கறவங்க எல்லாரும் குளிப்பாங்க."

"நாங்க எறங்கலாமா?"

"தாராளமா எறங்கலாம். கேக்க யாரு இருக்கா?"

அம்மா அடுத்ததாக, "நிலைக்குமா?" என்றாள். தண்ணீருக்குள் நின்றால் கால் தரையில் எட்டுமா என்று அர்த்தம். வழக்கமாகப் பயந்தவர்கள் கேட்கிற கேள்வி.

"நடுவுல நிலைக்காதும்மா. ரெண்டு ஆள் ஆழம் இருக்கும்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பயமே இல்லை. பலகாரக் கடையில் நிற்கிற பிள்ளையின் முகம் அது. "அப்ப என்னய ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போங்க டீச்சரம்மா" என்றாள்.

அன்றைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் விளக்கினாள். "முப்பது வருஷமா தண்ணியிலதான் நிக்கிறேன். எல்லாம் முழங்காலு. இல்லன்னா கணுக்காலு. ஆடிப்பெருக்குக்கு ஆத்துல எறங்குனாலும் இடுப்புக்கு மேல போவ விட மாட்டாங்க. சின்னப் புள்ளையில அந்தக் கோயில் கொளத்துல பசங்க அரசமரத்துலேருந்து குதிக்கிறத வேலிக்கு இந்தண்டை நின்னு பாப்பேன். கால் எட்டாத தண்ணி எப்புடி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும். அவ்வளவுதான்."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"அதான் டீச்சரம்மாவுக்குத் தெரியுதே."

மறுநாளே போயிருந்தால் இந்தக் கதையில் அவசரம் என்பதே இருந்திருக்காது. டீச்சர் வீட்டில் விருந்தாள் வந்து, எனக்குத் தலைவலி வந்து, நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. தலைவலி பாதி பொய். அம்மா தண்ணீரில் மூழ்கிவிடுவாள் என்று எனக்குப் பயம். அப்புறம் ஒரு கார்டு வந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். வியாழக்கிழமை காலை நம் தெருவுக்கே வந்து மனைப்பட்டா கொடுக்கிறார்கள், தாசில்தார் வருகிறார், ஆளுங்கட்சிக்காரர்கள் மேடை போடுகிறார்கள், நேரில் வந்து கைநாட்டு வைக்காதவர்களுக்குப் பட்டா இல்லை, அம்மாவைக் கட்டாயம் அழைத்து வரவும்.

கார்டு வந்தது செவ்வாய்க்கிழமை. நான் புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கே போகலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. நாலு மணி பஸ்ஸில் போனாலும் இருட்டுவதற்கு முன்னால் திருவாரூர், அங்கிருந்து வீட்டுக்குப் போய்விடலாம், அதற்குள் மடுவுக்குப் போய் வந்துவிடலாம் என்று டீச்சரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள். நாலு மணி பஸ் முந்திரிக்காட்டு நிறுத்தத்தின் வழியாகத்தான் போகும். பையைக் கையோடு எடுத்துக்கொண்டால் அப்படியே ஏறிவிடலாம். இரண்டு பேரும் திட்டம் போட்ட சாமர்த்தியத்தைப் பார்த்தால் பட்டா வாங்கும் போராட்டத்தையே அவர்களிடம் ஒப்படைத்திருக்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை ஒரு மணிக்கு நிறுத்தத்தில் இறங்கினோம். சுற்றிலும் சிவப்புப் பொட்டல், அதற்கு அப்பால் முந்திரிக்காடு. வெயில் தலையைப் பிளந்தது. காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும், டீச்சர் ஒரு தெரிந்தவர் கொட்டகையில் நீச்சல் பழகுகிற சுரைக்குடுக்கை இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று பக்கவாட்டில் திரும்பினார்.

"நான் குறுக்கால ஓடையில எறங்கி வந்துடுவேன். நீங்க இந்தப் பாதையிலயே போயி, அந்தப் பனைமரம் வந்ததும் கீழ போங்க. மடு வந்துரும்."

பனைமரம் வந்தது. நாங்கள் கீழே போனோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் தரை வார்த்து வைத்த மாதிரி ஒரே மட்டம். அங்கே ஏறவும் இறங்கவும் எதுவும் இல்லை. மேலே என்றால் மேற்கு, தண்ணீர் வருகிற பக்கம். கீழே என்றால் கிழக்கு, தண்ணீர் போகிற பக்கம். மேலே தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். அம்மா தன் நிழலைப் பார்த்துக் கிழக்கு எது என்று கணக்குப் போட்டாள், பனைமரத்தடியில் ஒரு சரிவு இறங்கிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்த்தோம், பார்த்துவிட்டு அதைத் தாண்டிக் கிழக்கே நடந்தோம். நான் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக் கொடுக்கிற டீச்சர்.

அரை மணி நேரம் நடந்தோம். முந்திரிக்கு அப்பால் முந்திரி. மடுவும் இல்லை, மனிதரும் இல்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை. இந்த வயசில் இதெல்லாம் தேவையா, பட்டாவை விட்டுவிட்டுப் பட்டணம் பார்க்க வந்த மாதிரி இருக்கிறது, பஸ்ஸை விட்டால் மனை போச்சு என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். அம்மா முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். அப்போது எங்கிருந்தோ டீச்சரின் குரல் வந்தது.

"எங்கம்மா போயிட்டீங்க?"

கொஞ்சம் பொறுத்து அதே குரல், மெலிந்து, "போயிட்டீங்க" என்றது. அம்மா நின்றுவிட்டாள். "டீச்சரம்மா கூட இன்னொருத்தரு இருக்காங்களா?"

எதிரொலி என்றேன். குரல் எதிலோ பட்டுத் திரும்பி வருகிறது என்றேன். எதிரொலிக்க எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? அம்மா அதை முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"இங்கதான் இருக்கோம்!" என்று கத்தினேன்.

"கீழ வாங்க!"

"கீழதான் வந்துகிட்டு இருக்கோம்!" என்று கத்திவிட்டு அம்மா இன்னும் வேகமாகக் கிழக்கே நடந்தாள்.

"ஐயோ, கீழம்மா! கீழ!"

"வர்றோங்க, வர்றோம்!"

அவர் கத்தக் கத்த நாங்கள் விலகிப் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் டீச்சரே மூச்சிரைக்க ஏறி ஓடி வந்து எங்களைப் பிடித்தார். தோளில் குடுக்கை, முகமெல்லாம் வேர்வை. விஷயத்தை நான் விளக்கியதும் ஒரு முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"கீழன்னா கெழக்கா? பள்ளம் எங்க இருக்குன்னு பாத்தாலே தெரியாதா உங்களுக்கு?"

"எங்க ஊருல பள்ளம்னா முழங்கால் அளவுதாங்க" என்றாள் அம்மா. அவளும் சிரித்தாள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே கால்.

பனைமரத்துக்குத் திரும்பி, இந்தத் தடவை மெய்யாகவே கீழே இறங்கினோம். பத்தடி இறங்கியதும் வெயில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர் உயர்ந்துகொண்டே போனது. அடியில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. அந்தச் சுவர் பாறையும் அல்லாத மண்ணும் அல்லாத ஒரு கல், முழுக்கப் பொத்தல். பொத்தல்களில் கிளிகள் போவதும் வருவதுமாக இருந்தன. மேலே நின்ற மரங்களின் வேர்கள் சுவரில் தொங்கின. காலடி மணல் சில்லென்று இருந்தது. எனக்குக் கோபம் தணிந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. அம்மா ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"இம்மாம் மண்ணு சும்மா நிக்குது பாரு. ஒருத்தன் வேலி போடல" என்றாள்.

ஒரு திருப்பம் திரும்பியதும் மடு. எங்கள் பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறையைச் சேர்த்து வைத்த அகலம்தான் இருக்கும். ஓரத்தில் தெளிவாக, நடுவில் கரும்பச்சையாகத் தண்ணீர். மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் சரிந்த மணல். ஆள் யாரும் இல்லை. தண்ணீர் இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்து ஒரு சுற்று நீந்திவிட்டு வந்தார். அம்மா பையை என்னிடம் கொடுத்தாள். நடவுக்குப் போகிறபோது கட்டுவது போலப் புடவையை வரிந்து கட்டினாள். டீச்சர் அவள் முதுகில் குடுக்கையை வைத்துக் கயிற்றால் கட்டினார். பிறகு அம்மா செய்த காரியத்தைப் பார்த்து டீச்சர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அம்மா மடுவுக்கு முதுகைக் காட்டி, இடுப்பை வளைத்துக் குனிந்து, குதிகாலால் துழாவித் துழாவிப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போனாள்.

"ஏம்மா பின்னாடி போறீங்க? முன்னாடி பாத்து வாங்க!"

"தண்ணியில நான் எப்பவும் இப்புடித்தாங்க போவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்று நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள், நட்டதை மிதிக்காமல் இருக்க. முப்பது வருஷம் அவள் தண்ணீருக்குள் போனது எல்லாம் அப்படித்தான். அழுகை வந்தது. வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று டீச்சரிடம் சொன்னேன், அந்தப் பள்ளத்தில் வெயிலே இல்லை.

முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று. மார்பு வரை தண்ணீர் வந்ததும் அம்மா நின்றாள். டீச்சர் நீந்தி அவள் எதிரே வந்து இரண்டு கையையும் நீட்டினார். அம்மா அவற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள். அந்த அடிக்குத் தரை இல்லை.

"அடியே!" என்று ஒரு சத்தம் வந்தது. பயந்து போய் நான் எழுந்துவிட்டேன். அம்மாவின் தலை ஒரு தரம் உள்ளே போய்க் குபுக்கென்று மேலே வந்தது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒண்ணுமே இல்லடி கீழ! ஒண்ணுமே இல்ல!"

அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. காலை உதைத்தாள், கையை அடித்தாள், டீச்சரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாற்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை அந்தப் பச்சைத் தண்ணீரில் போட்ட ஆட்டத்தில் கிளிகள் எல்லாம் பறந்துவிட்டன. மூன்றே கால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. ஏறிப் போக இருபது நிமிஷம் ஆகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"அம்மா, வா. பஸ்ஸு வந்துடும்."

"இரு."

"பட்டாம்மா! நாளைக்கு நீ அங்க இல்லன்னா நம்ம மனைய வேற யாருக்காவது எழுதிடுவாங்க."

அம்மா கையடிப்பதை நிறுத்திவிட்டு, குடுக்கையின் பலத்தில் மிதந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பஸ்ஸு போனா போவட்டும். காலையில மொத பஸ்ஸுல போவோம். மேடையில நின்னு கூப்புடட்டும். இத்தினி வருஷம் அவங்க வரப்புல நிக்க நான் சேத்துல நின்னேன். நாளைக்கு ஒரு நா, ஒரு அரை மணி நேரம், எனக்காவ அவங்க நிக்கட்டுமே."

பட்டா கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்தது. மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனது வீண். பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார்கள், மாலை, மைக் எல்லாம் அதற்கும் பிறகு. அம்மா பெயரைக் கூப்பிட்டதும் நிதானமாக எழுந்து போய்க் கைநாட்டு வைத்தாள். அந்தப் பட்டா இப்போது என் பீரோவில் இருக்கிறது.

ஆனால் புதன்கிழமை மூன்றரை மணிக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. மடியில் மஞ்சள் பை, பைக்குள் கார்டு. நான் ஒரு பாறை மேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாக இருந்தேன். நாலு மணிக்குச் சற்று முன்னால் ரோட்டுப் பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்த நிறுத்தத்தில் டிரைவர் எப்போதும் இரண்டு தரம் அடித்து ஒரு நிமிஷம் பார்ப்பார். இனி ஓடினாலும் எட்டாது என்று தெரிந்தும் நான் எழுந்து நின்று, "அம்மா!" என்று கத்தினேன். மூன்று பக்கச் சுவரும் அதையே திருப்பிச் சொன்னது.

அம்மா குடுக்கையைக் கழற்றிவிட்டிருந்தாள். டீச்சர் ஒரு கையை அவள் முதுகுக்கு அடியில் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். கையைக் காலை அகல விரித்து மல்லாந்து கிடந்தாள். மேலே ஒரு கீற்று வானம். அவள் காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கவே இல்லை. பிறந்ததிலிருந்து நான் பார்த்த அம்மா, யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறவள்.

ஹாரன் இரண்டாவது தரம் கேட்டது. நான் மறுபடி கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு கூப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன்.